மார்டள்ளியில் ஒரு டம்ளர் தண்ணீர்

நம் ஆய்வகத்தில் நீங்கள் இப்போது உட்கார்ந்து வேலை செய்யும் அந்த ஜன்னலோர மேசையில் பல வருடங்கள் நான் உட்கார்ந்திருந்தேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். இரும்பு உப்பு எவ்வளவு, அம்மோனியா எவ்வளவு, ஓவனில் எத்தனை டிகிரி என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குக் கட்டுரைகள் கொட்டிக் கிடக்கின்றன, என்னைவிட வேகமாக நீங்களே தேடி எடுத்துவிடுவீர்கள். எந்தக் கட்டுரையிலும் வராத ஒன்றைத்தான் எழுத நினைக்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வேலையில் பாதி, காத்திருப்பதுதான். டெஃப்லான் கிண்ணத்தில் கரைசலை ஊற்றி, அதை உருக்குப் பாத்திரத்துக்குள் இறக்கி, மூடியை முறுக்கி ஓவனில் வைத்துவிட்டால், அப்புறம் நம் கையில் ஒன்றும் இல்லை. குழம்பு மாதிரி நடுவில் திறந்து, கிளறி, ருசி பார்த்து, உப்புச் சேர்க்க முடியாது. உள்ளே தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டி, ஆவியாக வெளியேற வழியில்லாமல் அழுத்தத்தோடு நிற்கிறது. அந்த இருட்டில் இரும்பு தன் பாட்டுக்கு நானோ துகளாகிறது. நாம் செய்யக்கூடியது, முழுதாக ஆறும்வரை பேசாமல் இருப்பது மட்டும்தான்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கிய பேராசிரியரின் பெயரை எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார். மைசூர்க்காரர், வீட்டில் கன்னடம். என்னிடம் மட்டும் பிடிவாதமாக அவருக்குத் தெரிந்த தமிழில் பேசுவார். ஓவனை அணைத்ததும் மூடி திறக்கும் ஸ்பேனரை எடுத்துத் தன் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு காபி குடிக்கப் போய்விடுவது அவர் வழக்கம். மாணவர்கள் பின்னாலேயே போய்க் கெஞ்சுவார்கள். "தொட்டுப் பார்த்தேன் சார், வெதுவெதுப்புதான்" என்பார்கள். "வெளியே வெதுவெதுப்பு. உள்ளே என்னன்னு உனக்கு தெரியுமா? தெரியல இல்லவா, அப்போ காபி குடி" என்பார். அப்படி அவர் வாங்கிக் கொடுத்த காபியை நானும் நிறையக் குடித்திருக்கிறேன்.

மார்டள்ளிக்கு வருகிறேன்.

அது என் கணவரின் ஊர். கொள்ளேகால், ஹனூர் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அந்த ஊருக்கு நான் மருமகளாக மட்டுமே போயிருக்கிறேன். அங்கே சில ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பற்களில் காவிக் கறை, பெரியவர்களுக்கு முட்டி பிடித்துக்கொள்ளும். பஞ்சாயத்து வைத்த சுத்திகரிப்பு இயந்திரம் பாதி நாள் ஓடாது. என் கணவரின் அண்ணனுக்கு ஒரு பேத்தி இருக்கிறாள். சிரிப்பு வந்தால் அந்தப் பிள்ளை முதலில் கையைத் தூக்கி வாயை மூடும், அப்புறம்தான் சிரிக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் பேராசிரியரிடம் பேசினேன். நாம் செய்யும் இரும்பு ஆக்சைடு துகளின்மேல் ஃபுளோரைடைப் பிடிக்கும் ஒரு பூச்சு கொடுத்து, தண்ணீரில் கலக்கி, அப்புறம் காந்தத்தால் அத்தனையையும் இழுத்து எடுத்துவிடலாம் என்று ஒரு சின்ன திட்டம் தொடங்கினோம்.

ஊர்க்காரர்களுக்கு விளக்கி, அவர்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு வாங்கிவரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பள்ளி விடுமுறை என்பதால் என் மகள் சஹானாவும் கூட வந்தாள். அப்போது அவள் ஏழாம் வகுப்பு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கூடியதும் கண்ணாடி ஜாடியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். கறுப்புப் பொடியைப் போட்டுக் கலக்கியதும் தண்ணீர் மை மாதிரி ஆனது. சஹானா பெரிய காந்தத்தை ஜாடியின் பக்கத்தில் வைத்தாள். கறுப்பெல்லாம் மெல்ல நகர்ந்து காந்தம் இருந்த பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டது. நடுவில் தண்ணீர் பளிச்சென்று தெளிந்தது.

இதைப் பார்க்கும் யாருக்கும் கை தட்டத் தோன்றும். அவர்களும் தட்டினார்கள். இது குடிப்பதற்கு இல்லை, இன்னும் சோதனையில் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன். ஆனால் தெளிந்த தண்ணீர் கண்முன்னால் நிற்கும்போது, சற்று முன்னால் சொன்ன ஒரு வாக்கியம் எம்மாத்திரம்?

என் கணவரின் அண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். தக்காளி பயிரிடுகிறார். ஊரில் அவர் வாய்க்குப் பயந்தவர்கள் நிறைய. அவர்தான் முதலில் ஆரம்பித்தார்.

"ஏனுங்க அம்மிணி, வித்தையெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீங்களே ஒரு மடக்குக் குடிச்சுக் காட்டிப்போடுங்க. நாங்க நம்பிக்கறோம்."

கூட்டத்தில் சிரிப்பு. நான் வாயைத் திறந்தேன். எந்தச் சொல்லைப் போட்டுச் சொன்னால் புரியும், எப்படிச் சொன்னால் திட்டமே வேண்டாம் என்று போய்விட மாட்டார்கள் என்று மனசுக்குள் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெரியவர், "அட, மருமவ ஆக்கிவெச்சத மருமவளே திங்க மாட்டேங்குதே!" என்றார். இந்தத் தடவை பெண்களும் சிரித்தார்கள். மாமாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

நான் இன்னும் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டுதான் இருந்தேன். சஹானா ஒரு டம்ளரை எடுத்து, ஜாடியில் முக்கி, ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"ஸ்வீட்டா இருக்கு பெரியப்பா" என்றாள்.

மறுபடியும் கைதட்டல். இரண்டு பெண்கள் சொம்பை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

ஜாடியின் வாயை என் உள்ளங்கையால் மூடினேன். "யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அந்தப் பெண்கள் சொம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். என் ஓரகத்தி ஓடிவந்து, "உப்புத் தண்ணி குடுத்து வாந்தியெடுக்க வெச்சுரலாமா?" என்று கேட்டார். அந்தக் கணத்தில் யார் என்ன சொல்லியிருந்தாலும் நான் செய்திருப்பேன். ஏனென்றால் அன்று நான் கொண்டுபோயிருந்தது ஹைட்ராசின் சேர்த்துச் செய்த பொடி. ஹைட்ராசின் நஞ்சு என்பது உங்களுக்குத் தெரியும். ஓவனிலிருந்து எடுத்த பிறகு பலமுறை கழுவியிருந்தோம். ஆனால் மிச்சம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்கவில்லை. காட்டுவதற்காகக் கொண்டுபோகும் பொடிக்கு அந்தச் சோதனை வழக்கத்தில் இல்லை.

பேராசிரியருக்கு ஃபோன் போட்டேன். பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியே, ரோட்டுக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைத்தது. நடந்ததைச் சொன்னேன்.

"வாந்தி எடுக்க வெக்க பேடா" என்றார். வேண்டாம் என்பதற்கு அவருக்கு எப்போதும் கன்னடம்தான் வரும். "உப்பு பேடா, மோர் பேடா. நேரா ஆஸ்பத்திரி. ஜாடில மிச்சம் இருக்கற தண்ணியை கொட்ட பேடா. அதையும் எடுத்துட்டு போ."

அழுகைக்கு நடுவில் நான் ஒன்று கேட்டேன். "சார், ஸ்கேன் எடுக்கறப்போ இதே இரும்பு ஆக்சைடை ரத்தத்துலயே ஏத்தறாங்களே சார். அப்போ இதுவும் ஒண்ணும் பண்ணாதுதானே?"

"அது வேற, அம்மா. அது செஞ்ச விதம் வேற, கழுவின விதம் வேற, மேலே பூச்சு வேற, சோதிச்சது வருஷக்கணக்கா. பேர் மட்டும் ஒண்ணு, அஷ்டே, அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "டாக்டர்கிட்ட போய் இதை சொல்லிடாதே. அவர் நம்பிடுவார்."

பிள்ளைகளே, இந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மாமா தக்காளிக் கூடை ஏற்றும் சிறு வண்டியை எடுத்தார். சஹானா நடுவில், நான் ஓரத்தில், மடியில் காந்தத்தோடு சேர்த்துக் கட்டிய ஜாடி. குலுங்கும்போதெல்லாம் ஒரு கையால் ஜாடியையும் மறு கையால் அவளையும் பிடித்துக்கொண்டேன். "அம்மா, ஏனூ ஆகல்லம்மா" என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்றும் ஆகாதாம். எதற்கடி குடித்தாய் என்று கேட்டேன். "தாகமா இருந்துச்சு" என்றாள். தண்ணீர் பாட்டில் அவள் தோள்பையிலேயே இருந்தது.

கொள்ளேகாலில் ஒரு தனியார் மருத்துவமனை. பணியில் இருந்தவர் இளம் டாக்டர், நல்ல மனிதர். நான் இரும்பு ஆக்சைடு என்று சொன்னதுமே அவர் முகம் இளகியது. "அயர்ன்தானேம்மா? அயர்ன் டானிக் மாதிரி நினைச்சுக்குங்க. ஒரு டம்ளர்தானே? பயப்படாதீங்க" என்றார்.

ஒரு தாயாக மட்டும் நான் அங்கே நின்றிருந்தால் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். அவர் சொன்னது எனக்கு அவ்வளவு தேவையாக இருந்தது. பேனா வாங்கி அவருடைய மருந்துச் சீட்டிலேயே ஹைட்ராசின் என்று எழுதினேன். பக்கத்தில், மிச்சம் எவ்வளவு என்று தெரியாது என்று எழுதினேன். பூச்சில் என்னென்ன இருக்கிறது என்பதையும் எழுதினேன். படித்துவிட்டு டாக்டர் எழுந்து போய், யாரோ மூத்த டாக்டருக்கு ஃபோன் செய்தார். அவர் முகத்திலிருந்த தைரியத்தை நானே எழுதி அழித்துவிட்டேன் என்று தோன்றியது. திரும்பி வந்தபோது பேச்சு மாறியிருந்தது. ரத்தம் எடுத்தார்கள், அவளைப் படுக்கையில் சேர்த்தார்கள். கல்லீரலைக் கொஞ்ச நாள் கவனிக்க வேண்டும் என்றார்கள்.

நல்ல செய்தியை நமக்குச் சொல்லச் சொல்லி நாமே ஒருவரைத் தூண்டிவிட முடியும். நெருக்கடியில் நம்மை அறியாமலே அதைத்தான் செய்கிறோம். எதிரே இருப்பவர் முகம் மலரும்படி பேசத் தொடங்கினால் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள். நமக்குத் தெரியாததை முதலில் சொல்ல வேண்டும். தெரிந்ததை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

காத்திருந்தபோது ஜாடியை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தேன். மார்டள்ளியில் பார்த்ததைவிடத் தெளிவாக இருந்தது. என் பையில், படம் போட்டு விளக்கும்போது சுட்டிக்காட்டுவதற்கு வைத்திருந்த சிவப்பு லேசர் கிடந்தது. என்னவோ தோன்றி அதை எடுத்து, மருத்துவமனையில் கொடுத்த தண்ணீர் பாட்டிலுக்குள் அடித்துப் பார்த்தேன். சுவரில் புள்ளி விழுந்தது, தண்ணீருக்குள் ஒன்றும் தெரியவில்லை. ஜாடிக்குள் அடித்தேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சிவப்புக் கோடு கிழித்ததுபோல் நின்றது.

அதாவது ஒளியைச் சிதறடிக்கும் துகள்கள் இன்னும் உள்ளே இருந்தன, காந்தம் எல்லாவற்றையும் எடுக்கவில்லை. கையடக்கக் காந்தத்தால் மிகச் சின்னத் துகள்களை இழுப்பது கடினம். அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் தெளிந்த தண்ணீரைக் கண்டதும், மார்டள்ளிப் பெண்கள் எவ்வளவு நம்பினார்களோ அவ்வளவு நானும் நம்பியிருந்தேன். ஒளிக்கோடாகத் தெரிந்த அந்தத் துகள்கள் என் மகளின் வயிற்றுக்குள்ளும் இருந்தன.

சஹானா படுக்கையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். "சக்கத்தா, சூப்பரா இருக்கும்மா. இன்னொரு தடவை அடிங்க" என்றாள்.

லேசரைப் பைக்குள் போட்டுவிட்டு அவள் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பேராசிரியர் அன்றே ஆய்வகத்தைத் திறந்து, அதே பொடியின் மிச்சத்தை எடுத்துக் கழுவி, கழுவிய தண்ணீரைச் சோதித்துப் பார்த்தார். ஜாடித் தண்ணீரும் மறுநாள் அவரிடம் போய்ச் சேர்ந்தது. ஹைட்ராசின் நம் கருவி காணக்கூடிய அளவில் இல்லை. சஹானாவின் ரத்தச் சோதனைகளும் ஒவ்வொன்றாக நல்லபடியாக வந்தன. அவள் விளையாடினாள், சண்டை போட்டாள், கணக்கில் குறைந்த மார்க் வாங்கினாள். நான்தான் அவள் தூங்கும்போது கண் மஞ்சளாகியிருக்கிறதா என்று இமையைத் தூக்கிப் பார்த்துத் திட்டு வாங்கினேன்.

சில வாரம் கழித்து மாமா மைசூரில் அக்ரஹாரம் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு கூடை தக்காளி கொண்டுவந்திருந்தார். சஹானாவைக் கூப்பிட்டு முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்தியாகி, காபி டம்ளரைக் கையில் வாங்கியபின் விஷயத்துக்கு வந்தார்.

"அம்மிணி, ஊர்ல எல்லாரும் கேக்கச் சொன்னாங்க. அந்தப் பொடி வேணுமுங்க."

"மாமா, அது இன்னும்..."

"இருங்க, நான் பேசிப்போடறேன். உங்க புள்ள ஒரு டம்ளர் முழுசாக் குடிச்சுச்சு. டாக்டரே ஒண்ணுமில்லேன்னு சொல்லிப்போட்டாங்க. இதுக்கு மேல என்னத்துக்குச் சோதனை? எங்க புள்ளைங்க தெனமும் குடிக்கறது மட்டும் என்ன, அமிர்தமா? எம்பேத்தி இஸ்கூல் போட்டோவுல சிரிக்க மாட்டேங்குதுங்க."

என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் பயந்த நாளை, பொடி நல்லது என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நாங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். சஹானா குடித்தது ஒரே ஒரு டம்ளர். வருடக்கணக்கில் தினமும் குடித்தால் அந்தச் சின்னத் துகள்கள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. மறுபடியும் மனசுக்குள் வாக்கியத்தைக் கோக்க ஆரம்பித்தேன்.

"பெரியப்பா, நான் குடிச்சதை வெச்சுச் சொல்லாதீங்க."

சஹானா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏஞ்சாமி?"

"நான் அது நல்ல தண்ணின்னு குடிக்கல. அது நல்லதா கெட்டதான்னே எனக்கு கொத்தில்ல, தெரியாது. அம்மா ஒண்ணும் பேசாம நின்னாங்க. நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. அதான் குடிச்சேன்."

அதுவரை நானும் தாகம் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

இதைச் சொல்லத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் செய்த எதையாவது எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது, நீயே குடிப்பாயா, நீயே பூசிக்கொள்வாயா, உன் பிள்ளைக்குக் கொடுப்பாயா என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். நல்ல வாக்கியம் தேடாதீர்கள். மாட்டேன் என்று உடனே சொல்லிவிடுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். நீங்கள் பேசாமல் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், உங்களைத் தலைகுனிய விடக்கூடாது என்று நினைக்கும் யாரோ ஒருவர் உங்களுக்குப் பதிலாக டம்ளரை எடுத்துவிடுவார்.

மாமா காபியைக் கீழே வைத்தார். சஹானாவைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"உங்கம்மாவப் பாத்து மொதல்ல சிரிச்சது நாந்தாங் கண்ணு" என்றார்.

"தெரியும்" என்றாள் அவள். "ரொம்ப ஜோரா சிரிச்சீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்று, கண் கலங்கிவிட்டது. துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"சரிங்க அம்மிணி. அந்தப் பொடி எப்பத்தான் தயாராவும்?"

"தெரியல மாமா."

"ஒரு வருசம்?"

"தெரியல. ஒருவேளை கடைசில வேண்டாம்னே ஆனாலும் ஆயிரலாம். அதுவரைக்கும் பஞ்சாயத்து மிஷினை ஓட வைக்கறதுக்கு யார்கிட்ட எழுதணுமோ, நாளைக்கே நான் எழுதித் தர்றேன். நீங்க அதைப் பிடிச்சு உலுக்குங்க."

அவர் தெருப் பக்கம் திரும்பினார். கோயிலுக்குப் போகிறவர்கள் ஸ்கூட்டரை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"ஊர்ல போயி என்னன்னு சொல்றதுங்க? பொடி எங்கேன்னு கேப்பாங்க."

"தெரியலைன்னு சொல்லுங்க."

"தெரியலைன்னா சிரிப்பானுங்க."

சொல்லிவிட்டு அவரே என்னைப் பார்த்தார். பிறகு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சிரிச்சுட்டுப் போவட்டும்" என்றார். "நான் சொல்லிக்கறேன்."